விக்கரேஜ் என்றால் பாதிரியார் வீடு மட்டும்தானா?

ஆங்கிலேயக் கிராமம் என்று எதைப் படித்தாலும் பார்த்தாலும் மூன்று கட்டடங்கள் தவறாமல் வந்துவிடும். தேவாலயம், மதுக்கடை, அப்புறம் விக்கரேஜ். முதல் இரண்டில் யாருக்கும் குழப்பமில்லை. மூன்றாவதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பாதிரியார் பங்களா என்கிறார்கள், மடம் என்கிறார்கள், சில சமயம் கான்வென்ட் என்றுகூட எழுதிவிடுகிறார்கள். ரெக்டரி, விக்கரேஜ், பார்சனேஜ் எல்லாம் ஒரே வீட்டுக்கு மூன்று பெயர் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பெரிய தோட்டமும் பத்துப் பன்னிரண்டு அறைகளுமாக நிற்கும் வீட்டைப் படத்தில் பார்த்ததும், திருச்சபை பணத்தைக் கொட்டிக் கட்டியிருக்கிறது என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு.

ஒரு பழைய விக்கரேஜ் ஏன் அந்த அளவில், அந்தச் சாயலில் இருக்கிறது என்பதற்கான காரணம் பெரும்பாலும் ஊரைச் சுற்றியிருந்த வயலில் கிடக்கிறது. விளைந்த கோதுமையிலும் பிறந்த ஆட்டுக்குட்டியிலும் யாருக்கு என்ன பங்கு என்பதுதான் வீட்டின் அளவை முடிவுசெய்தது. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நம் சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவர் குடியிருக்கும் வீட்டைக் குருமனை என்பார்கள். இங்கே பொதுப்பெயராக அதையே வைத்துக்கொள்கிறேன். விக்கரேஜ் குருமனைகளில் ஒரு வகை.

ரெக்டர் யார், விக்கர் யார்

ஒரு ஊர்க் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மானிய நிலம் இருக்கிறது, அறுவடையில் ஊரார் கொடுக்கும் பங்கும் இருக்கிறது. பூசை செய்பவரே அத்தனையையும் வாங்கிக்கொண்டு கோயிலையும் பார்த்துக்கொள்கிறார் என்றால் அது ஒரு ஏற்பாடு. அதே வருமானத்தின் உரிமை எங்கோ இருக்கும் ஒரு மடத்துக்குப் போய்விட்டது, மடம் தன் சார்பில் ஒருவரை அமர்த்தி, "நெல் எங்களுக்கு, தேங்காய் மாங்காய் பால் மோர் உனக்கு" என்று பிரித்துக் கொடுத்துவிட்டது என்றால் அது வேறு ஏற்பாடு. முதலாமவர் ரெக்டர், இரண்டாமவர் விக்கர். ரெக்டர் குடியிருந்த வீடு ரெக்டரி, விக்கர் குடியிருந்த வீடு விக்கரேஜ். பார்சனேஜ் என்பது இரண்டுக்கும் பொதுவாகப் புழங்கும் பெயர்.

இங்கிலாந்தில் ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருக்கும் ஊர் எல்லைக்கு பாரிஷ் என்று பெயர். பாரிஷுக்குள் விளைவதில் பத்தில் ஒன்று தேவாலயத்துக்குச் சேரவேண்டும், அதுதான் தசமபாகம். இதில் பெரியது சிறியது என்று இரண்டு உண்டு. தானியம், உலர்ந்த புல், விறகு ஆகியவை பெரிய தசமபாகம். ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி, கம்பளி, முட்டை, பால், தேன், ஆப்பிள் போன்றவை பெரும்பாலும் சிறிய தசமபாகத்தில் வரும். ரெக்டருக்கு இரண்டும் உண்டு. விக்கருக்கு வழக்கமாகச் சிறியது மட்டும்.

இத்துடன் தேவாலயப் பதவிக்கென்று விடப்பட்ட நிலமும் இருந்தது. க்ளீப் என்பார்கள், நம் மானிய நிலம் மாதிரி. விக்கர் அதில் தானே பயிர் செய்யலாம், குத்தகைக்கும் விடலாம். 17ஆம் நூற்றாண்டு விக்கர் ஒருவரின் வீட்டை ஒட்டித் தானியக் களஞ்சியமும் மாட்டுக் கொட்டகையும் பன்றித் தொழுவமும் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் பாதி நேரம் விவசாயி.

சுருக்கமாக, ரெக்டருக்கு முழு வருமானம், விக்கருக்குப் பாதியோ காலோ. அதனால்தான் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே ரெக்டரி மாளிகையாகவும் விக்கரேஜ் நடுத்தர வீடாகவும் இருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, வளமான மண் உள்ள பெரிய பாரிஷின் விக்கர் ஒரு வறண்ட ஊர் ரெக்டரைவிட வசதியாக இருந்ததும் உண்டு.

மடாலயம் கட்டிக் கொடுத்த வீடு

12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில மடாலயங்கள் கிராமத் தேவாலயங்களை ஒவ்வொன்றாகத் தங்கள் உரிமைக்குள் கொண்டுவந்தன. ஊரில் வேலை பார்க்கக் குறைந்த கூலிக்கு யாரையாவது வைத்துவிட்டு தானியத்தை அள்ளிக்கொண்டு போவதும் நடந்தது. இதைக் கட்டுப்படுத்தத்தான் 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஊரில் நிரந்தரமாக ஒரு விக்கர் இருக்கவேண்டும், அவர் பிழைப்பதற்குப் போதுமான பங்கை ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. அந்தப் பங்கில் வீடும் சேர்த்தி.

சாமர்செட்டில் மச்சல்னி என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே மடாலயம் இன்று இடிபாடாகக் கிடக்கிறது, அதன் பக்கத்தில் தேவாலயம், எதிரே வேய்ந்த கூரையோடு ஒரு கல் வீடு. 1308ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் அந்த வீடுதான் மடாலயம் தன் விக்கருக்குக் கொடுத்தது. மடாலயச் சமையலறையிலிருந்து ரொட்டியும் ஏல் என்ற பார்லி மதுவும் அவருக்கு வந்தன. ரெக்டர், விக்கர் பாகுபாட்டைப் பாடமாகப் படிப்பதைவிட மச்சல்னியின் இந்த மூன்று கட்டடங்களை ஒரே படத்தில் பார்ப்பது மேல். வருமானம் போன இடமும், வேலை நடந்த இடமும், வேலை செய்தவர் படுத்த இடமும் சில அடிகளுக்குள் இருக்கின்றன.

வடக்கே போனால் நிலைமை வேறு. நார்த்தம்பர்லாந்தில் ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் கொள்ளையும் தீவைப்பும் சாதாரணம். கார்பிரிட்ஜ் ஊர் விக்கர் தேவாலய வளாகத்திலேயே மூன்று அடுக்குக் கல் கோபுரத்தில் குடியிருந்தார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்கத்திலிருந்த பழைய ரோமானிய ஊரின் கற்களைப் பெயர்த்தெடுத்துக் கட்டியது. தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல். அதுவும் ஒரு விக்கரேஜ்தான். விக்கரேஜ் என்றதும் ரோஜாத் தோட்டத்தை மட்டும் நினைப்பவர்கள் இந்தக் கோபுரத்தின் படத்தை ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஆல்ஃப்ரிஸ்டன்: ஒரு வீட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்

தெற்கே சசெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊரில் நிற்கும் பழைய குருமனை 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நீண்ட காலம் ஊர் விக்கரேஜாக இருந்து, 19ஆம் நூற்றாண்டின் முடிவில் விழுந்துவிடும் நிலைக்கு வந்துவிட்டது. 1896இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு இதை 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு விலைகொடுத்து வாங்கிய முதல் கட்டடமே இதுதான். அரண்மனையையோ கோட்டையையோ விட்டுவிட்டு ஒரு ஏழைக் குருமனையில் தொடங்கியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் இதற்காக நிறையப் பேரிடம் நன்கொடை கேட்டார்.

இந்த வகை வீட்டில் நடுவில் ஒரு கூடம். மேல்தளம் கிடையாது, தரையிலிருந்து கூரைவரை ஒரே வெளி. இரண்டு பக்கமும் இரண்டடுக்கு அறைகள், அவற்றின் மேல்தளம் முன்புறமாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே கூரை. வெளியிலிருந்து பார்த்தால் நடுப்பகுதி உள்வாங்கியது போலத் தெரியும்.

கூடத்தின் தரையில்தான் நெருப்பு. புகைபோக்கி இல்லை. புகை மேலே ஏறி, கூரைச் சட்டங்களைச் சுற்றிச் சுற்றி, கிடைத்த இடுக்கு வழியாக வெளியேறும். இன்று கட்டட ஆய்வாளர்கள் ஒரு பழைய வீட்டின் பரணில் ஏறியதும் முதலில் கூரை மரத்தைத்தான் பார்க்கிறார்கள். கரி படிந்து கறுத்திருந்தால், பின்னாளில் எத்தனை சுவர் எழுப்பியிருந்தாலும் எத்தனை கூரைப்பலகை அடித்திருந்தாலும், அது ஒருகாலத்தில் திறந்த கூடமாக இருந்தது உறுதி.

சுவருக்கு வருவோம். எடையைத் தாங்குவது ஓக் மரச் சட்டகம், சுவர் வெறும் அடைப்புதான். தச்சர்கள் பச்சை ஓக்கை அறுத்து, தரையில் படுக்கவைத்தே சட்டங்களைப் பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று ரோமானிய எண்களைச் செதுக்கி வைப்பார்கள். அப்புறம் பிரித்து, இடத்துக்குக் கொண்டுபோய், தூக்கி நிறுத்தி, மர ஆணி அடிப்பார்கள். இரும்பு ஆணிக்கு வேலையில்லை. பச்சை மரம் உலர உலர முறுக்கிக்கொண்டு இணைப்பை இறுக்கிப் பிடிக்கும், இந்த வீடுகள் கோணல்மாணலாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னித் தட்டியாக வைத்து, களிமண்ணும் சாணியும் வைக்கோலும் பிசைந்து அப்புவார்கள்.

ஆல்ஃப்ரிஸ்டனில் தரையையும் குனிந்து பார்க்கவேண்டும். அந்த வட்டாரத்து வெள்ளைச் சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றிக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். பால் அடைப்பாக வேலை செய்து தூசி கிளம்பாமல் பிடித்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கவேண்டியது இதில் எதுவும் இல்லை, கல் மலையிலிருந்து, பால் தொழுவத்திலிருந்து.

ஆக, ஆரம்பகால விக்கரேஜ் மற்ற கிராமத்து வீடுகளைப் போலத்தான் இருந்தது. உள்ளூர்ப் பொருள், உள்ளூர்த் தச்சர், நடுவில் புகை. குருவானவர் அன்று திருமணம் செய்துகொள்ளக் கூடாது, எனவே அவருக்கும் வேலையாள் ஒருவருக்கும் இடம் இருந்தால் போதும்.

குடும்பம் வந்ததும் வீடு வளர்ந்தது

16ஆம் நூற்றாண்டில் எல்லாம் தலைகீழானது. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540க்குள் மடாலயங்களைக் கலைத்தார். மடாலயத்தின் கையிலிருந்த பெரிய தசமபாக உரிமை திரும்ப ஊர் விக்கருக்கு வந்திருக்கவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். வரவில்லை. அரசர் கைக்குப் போய், அவரிடமிருந்து நிலப்பிரபுக்களும் கல்லூரிகளும் வாங்கிக்கொண்டார்கள். விக்கர் தொடர்ந்து விக்கராகவே இருந்தார், முன்பு மடாலயம் எடுத்துக்கொண்டிருந்த தானியத்தை இப்போது பக்கத்து மாளிகைக்காரர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். தானியத்தோடு ஒரு கடமையும் போனது. தேவாலயத்தில் பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பழுதுபார்ப்பது பெரிய தசமபாகம் பெறும் ரெக்டரின் பொறுப்பு. இந்தப் பொறுப்பு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுகள் தாண்டி வந்தது. வாரிக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ ஊரில் ஒரு பண்ணை நிலத்தின் உரிமையாளர்கள் தேவாலயப் பழுதுச் செலவைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது.

இன்னொரு மாற்றம் வீட்டுக்குள் நடந்தது. குருமார் திருமணம் செய்துகொள்ளலாம் என்று 1549இல் சட்டம் வந்தது. கத்தோலிக்கரான மேரி அரசியார் காலத்தில் அது ரத்தாகி, பிறகு படிப்படியாகத் திரும்பி வந்து நிலைத்தது. மனைவி வந்தார், குழந்தைகள் வந்தார்கள், ஒற்றை ஆளுக்கான வீடு போதவில்லை. இதே சமயத்தில்தான் செங்கல் புகைபோக்கியும் பரவியது. புகைக்குத் தனி வழி கிடைத்ததும் கூடத்தின் குறுக்கே ஒரு தளம் போட்டு மேலே அறைகள் எடுத்தார்கள். பல பழைய வீடுகளில் கீழ் அறையின் கூரை தாழ்வாகவும் மேல் அறையில் பெரிய உத்தரம் தலையில் இடிக்கிற மாதிரியும் இருப்பது இந்த வேலையின் விளைவு.

அந்தக் கால வீடுகள் எப்படி இருந்தன என்று நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு டெரியர் என்ற ஆவணத்துக்கு நன்றி சொல்லவேண்டும். குருமனை, க்ளீப் நிலம், தசமபாக வழக்கம் எல்லாவற்றையும் எழுதி ஆயரின் அலுவலகத்தில் ஒப்படைக்கும் சொத்துப் பட்டியல் அது. 1604இன் திருச்சபை விதிகள் இதைக் கட்டாயமாக்கின. லிங்கன்‌ஷயர் எப்வர்த் ஊரின் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து டெரியரை எடுத்துக்கொண்டால், அங்கே இருந்தது ஐந்து கண வீடு, மரமும் பூச்சும், வைக்கோல் வேய்ந்த கூரை, சமையலறை, கூடம், உள்ளறை, பண்டக அறை, மேலே மூன்று பெரிய அறைகள். கணம் என்று நான் சொல்வது இரண்டு மரச் சட்டகங்களுக்கு இடைப்பட்ட பகுதி. அன்றைக்கு வீட்டை அளந்ததே அப்படித்தான்.

அந்த வீடு 1709இல் இரவில் தீப்பிடித்து எரிந்தது. வேய்ந்த கூரை, கேட்கவேண்டுமா. ஊர்க்காரர் ஒருவர் இன்னொருவர் தோளில் ஏறி நின்று, மாடி ஜன்னலிலிருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைத் தூக்கினார். பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிதான் அந்தச் சிறுவன். எரிந்த இடத்தில் செங்கல்லில் எழும்பிய புதிய வீடு இன்றும் நிற்கிறது. எப்வர்த் ரெக்டரிதான், விக்கரேஜ் அல்ல. ஆனால் பழைய மரவீடு போய்ச் செங்கல் வீடு வந்த மாற்றத்தை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரிந்து குறைவு.

வீடு யாருடையது?

திருச்சபையுடையது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். விஷயம் அதைவிடச் சிக்கல். பதவியில் இருக்கும்வரை வீடும் க்ளீப் நிலமும் சட்டப்படி அந்த விக்கருடையவை. விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது, ஆனால் யாரும் காலிசெய்யச் சொல்லவும் முடியாது. பழுதுபார்ப்பதும் அவர் தலையில்தான்.

அடுத்தவர் வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "ஓடு உடைந்திருக்கிறது, உத்தரம் உளுத்துப்போயிருக்கிறது, இதற்கெல்லாம் நஷ்டஈடு கொடு" என்று முந்தையவரிடம் கேட்கலாம். இதற்கு டைலாப்பிடேஷன் என்று பெயர். முந்தையவர் இறந்துபோயிருந்தால்? அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கொடுக்கவேண்டும். நடைமுறையில் இதன் அர்த்தம், கணவரைப் பறிகொடுத்த பெண் வீட்டையும் காலிசெய்து, அந்த வீட்டின் பழுதுக்கும் பணம் கட்டவேண்டும் என்பது. குருமனைகளின் அழகைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை, எனக்கு அது எப்போதும் உறுத்தும். ஒரு பெரிய வீட்டின் பராமரிப்பு ஒரு தனி மனிதரின் வரும்படியை நம்பியிருந்தது, அந்த மனிதர் போனதும் சுமை விதவை மேல் இறங்கியது. இந்த முறை முழுசாக ஒழிந்து, பழுதுபார்க்கும் பொறுப்பு ஆயரின் கீழுள்ள மறைமாவட்டத்துக்குப் போனது 1972இன் விதிக்குப் பிறகுதான்.

செங்கல் முகப்பு எங்கிருந்து வந்தது

சொந்தக் காசில் வீடு கட்டினால் அது அடுத்த விக்கருக்குப் போய்விடும். அப்படியிருக்க யார் கட்டுவார்? பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டினார்கள், மற்றவர்கள் ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்தார்கள், அல்லது வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று சொல்லி வேறு ஊரில் வசித்துக்கொண்டு ஒரு உதவிக் குருவானவரைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்தார்கள்.

இதற்கு முதல் மருந்து 1704இல் வந்தது. குருமார் கட்டிவந்த ஒரு பழைய வரியை, எட்டாம் ஹென்றி போப்பாண்டவரிடமிருந்து தன் கருவூலத்துக்குத் திருப்பிக்கொண்டதை, ஆன் அரசியார் ஏழைப் பாரிஷ்களின் வருமானத்தை உயர்த்தவே விட்டுக்கொடுத்தார். குயின் ஆன்ஸ் பவுண்டி என்ற நிதி அப்படித்தான் பிறந்தது. ஆனால் கட்டட வரலாற்றில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது தாமஸ் கில்பர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1776இல் நிறைவேற்றிய சட்டம். அதன்படி விக்கர் தன் பதவியின் வருமானத்தை ஈடாகக் காட்டி, இரண்டு வருட நிகர வருமானம்வரை கடன் வாங்கி வீடு கட்டலாம். மிச்சக் கடனை அடுத்தடுத்து வருகிறவர்கள் அடைப்பார்கள். வீட்டை அனுபவிக்கிறவர் கடனையும் கட்டுகிறார். எளிமையான யோசனை, ஆனால் நூறு வருடங்களாக இறுகிக்கிடந்த முடிச்சு இதில்தான் அவிழ்ந்தது. கடன் வேண்டுமென்றால் வரைபடமும் மதிப்பீடும் கொடுக்கவேண்டும் என்பதால், அந்தக் கால வீட்டு வரைபடங்கள் ஏராளமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

இதே காலத்தில் வேளாண் விலைகள் ஏறின. திறந்தவெளி வயல்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய சட்டங்களில் பல பாரிஷ்களில் தசமபாகத்துக்குப் பதிலாக நிலமே கொடுக்கப்பட்டது. கையில் பணம், கடனுக்கு வழி, இரண்டும் சேர்ந்ததும் நாம் படங்களில் பார்க்கும் ஜார்ஜியன் குருமனை வந்துவிட்டது. ஜார்ஜ் என்ற பெயருள்ள அரசர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலப் பாணி அது. வாசல் சரியாக நடுவில், இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஜன்னல்கள், ஜன்னல் கதவு மேலும் கீழும் நகரும், வாசலுக்கு மேல் விசிறி போல விரிந்த கண்ணாடி.

இதில் கவனிக்கவேண்டியது, பழைய வீட்டை முழுதாக இடித்தவர்கள் குறைவு. முன்னால் செங்கல்லில் இரண்டு பெரிய அறைகள் எழுப்பி, பின்னால் இருந்த மரச்சட்ட வீட்டைச் சமையலறையாக்கிவிடுவார்கள். கென்ட், சசெக்ஸ் பக்கம் இன்னும் சிக்கனம்: பார்வைக்கு அச்சு அசல் செங்கல் போலவே இருக்கும் ஒருவகை ஓட்டை மரச்சட்டத்தின் மேல் பதித்து முகப்பை மாற்றினார்கள்.

கூடத்தோடு இருந்த வீட்டில் எல்லோரும் எல்லா இடத்திலும் இருந்தார்கள். ஜார்ஜியன் வீட்டில் விக்கருக்கென்று ஒரு படிப்பறை வந்தது. அது வாசலுக்குப் பக்கத்தில் அல்லது தனியாக ஒரு பக்கக் கதவோடு இருக்கும். திருமணப் பதிவுக்கோ உதவி கேட்டோ வரும் ஊர்க்காரர் வீட்டார் புழங்கும் அறைகளுக்குள் போகாமல் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். குருமனையை வேறு எந்தக் கிராமத்து வீட்டிலிருந்தும் பிரித்துக் காட்டும் ஒரே அம்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விக்டோரியா காலமும் கூர்முனை வளைவும்

1836இல் தசமபாகத்தைப் பொருளாகக் கொடுக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதற்குப் பதில் பணம். கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழு வருடச் சராசரி விலையைப் பொறுத்து அந்தத் தொகை ஏறி இறங்கும். 1838இல் இன்னொரு சட்டம், பல பாரிஷ்களை ஒருவரே வைத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தி, குருவானவர் தன் ஊரில் குடியிருக்கவேண்டும் என்று நெருக்கியது. குடியிருக்க வீடு வேண்டுமே, அதனால் அடுத்த ஐம்பது வருடங்கள் கட்டுமானம் மும்முரமாக நடந்தது.

இந்தத் தலைமுறைக் கட்டடக் கலைஞர்களுக்கு ஜார்ஜியன் சமச்சீர் பிடிக்கவில்லை. இடைக்காலக் கோதிக் பாணிக்குத் திரும்பினார்கள். செங்குத்தான கூரை, கூர்முனை வளைவு வைத்த வாசல். வில்லியம் பட்டர்ஃபீல்டு க்ளாஸ்டர்‌ஷயரின் கோல்பிட் ஹீத் ஊரில் 1844, 45இல் தேவாலயத்தோடு சேர்த்துக் கட்டிய விக்கரேஜ் இதற்கு முக்கிய உதாரணம். அதில் முகப்பை அழகாக்குவதற்காக ஜன்னல் வைக்கவில்லை. உள்ளே பெரிய அறை என்றால் பெரிய ஜன்னல், படிக்கட்டு என்றால் படியோடு ஏறும் உயரத்தில் ஜன்னல். வெளியே நின்றே உள்ளே எது எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்தச் சின்ன விக்கரேஜ்களில் பழகிய சிந்தனைதான் 1859இல் கட்டடக் கலைஞர் பிலிப் வெப், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸுக்காக வடிவமைத்த ரெட் ஹவுஸ் என்ற வீடு வரை போனது. நவீன வீட்டு வடிவமைப்பின் வரலாறு பேசுகிறவர்கள் ரெட் ஹவுஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதற்கு முன்னால் நின்ற விக்கரேஜ்களை விட்டுவிடுகிறார்கள்.

அறைகளும் பெருகின. வேலைக்காரர்களுக்குத் தனிப் பகுதி, தனிப் படிக்கட்டு, பாத்திரம் கழுவும் அறை, நிலக்கரி அறை, குதிரை லாயம்.

ஏன் எல்லாமே "ஓல்ட் விக்கரேஜ்" ஆனது

1870களிலிருந்து அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. இங்கிலாந்தில் தானிய விலை சரிந்தது. விக்கரின் வருமானம் தானிய விலையோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் சேர்ந்து சரிந்தது. 1836 கணக்கில் 100 பவுண்டு கிடைக்கவேண்டிய இடத்தில் 1901இல் கிடைத்தது 67 பவுண்டுக்கும் குறைவு. பல வேலையாட்களை எதிர்பார்த்துக் கட்டிய வீடு அப்படியே இருந்தது, வரும்படி மட்டும் தேய்ந்தது. குளிர்காலத்தில் ஒரே அறையில் நெருப்பு மூட்டி மொத்தக் குடும்பமும் அங்கேயே இருக்க, மிச்ச அறைகள் ஈரம் ஏறிக் கிடக்கும் நிலை வந்தது.

1936இல் தசமபாகத் தொகையையும் சட்டம் ஒழித்தது. 1948இல் குயின் ஆன்ஸ் பவுண்டி வேறொரு திருச்சபை ஆணையத்தோடு இணைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய வீடுகள் கொத்துக் கொத்தாக விற்கப்பட்டன, பாரிஷ்கள் இணைக்கப்பட்டன, குருவானவர் புதிய சின்ன வீட்டுக்குப் போனார். 1976இன் விதிப்படி, 1978இல் க்ளீப் நிலமும் மறைமாவட்டங்களிடம் சென்றது. இன்று ரெக்டர், விக்கர் இருவரும் ஒரே மாதிரி மாத ஊதியம் வாங்குகிறார்கள், பட்டப்பெயரில் மட்டும்தான் வித்தியாசம் மிச்சம்.

எனவே வாசலில் "தி ஓல்ட் விக்கரேஜ்" என்று பலகை இருந்தால் அங்கே விக்கர் இல்லை என்று அர்த்தம். தனியார் வாங்கிக் குடியிருக்கிறார்கள். இப்போதைய விக்கர் இரண்டு தெரு தள்ளி, நான்கு படுக்கையறை உள்ள சாதாரண வீட்டில் இருப்பார். அந்த வீட்டிலும் படிப்பறை வாசலுக்குப் பக்கத்தில்தான். விற்றது தவறு என்று சொல்லத் தோன்றவில்லை, அந்தக் குளிரில் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். ஊரார் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டக்கூடிய ஒரு பெரிய வீடு ஊரிலிருந்து போய்விட்டதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க

பழைய விக்கரேஜின் படம் கிடைத்தால் முகப்பில் மயங்காமல் பக்கவாட்டைப் பாருங்கள். முன்னால் செங்கல், பின்னால் கூரையின் சரிவும் உயரமும் வேறு மாதிரி என்றால் பழைய மரவீடு பின்னால் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். புகைபோக்கி வீட்டின் நடுவில் தடித்து நின்றால் அது திறந்த கூடத்தில் பிற்பாடு நுழைந்ததாக இருக்கலாம், இரு ஓரங்களிலும் நின்றால் ஒரே மூச்சில் கட்டிய ஜார்ஜியன் வீடு. வாசல் நடுவில் இல்லாமல் ஒதுங்கி, ஜன்னல்கள் ஆளுக்கொரு அளவில் இருந்தால் விக்டோரியா காலம். தேவாலய மதிலில் ஒரு சின்னக் கதவு வீட்டுத் தோட்டத்துக்குத் திறக்கிறதா என்றும் தேடுங்கள்.

இதற்கு மேலும் தோண்ட ஆசைப்பட்டால், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஊர்ப் பெயரைப் போட்டால் வீட்டின் காலமும் அமைப்பும் வரும். டெரியர்களும் கில்பர்ட் சட்டத்து வரைபடங்களும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன, பட்டியலையாவது இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தொடங்க ஒரு ஊர் வேண்டும் என்றால் ஆல்ஃப்ரிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள்.